உணவுக்குழாயில் வீங்கிய சிரைகள்: மாத்திரையா, வளையமா, வேறு வழியா? செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருக்கும் ஒரு வீட்டுக்கு எண்டோஸ்கோபி அறிக்கை வந்து சேரும்போது, நோயாளி ஓர் ஊரிலும், அறிக்கையைப் படித்துப் பார்க்கிறவர் வேறோர் ஊரிலும், செலவுக்குப் பொறுப்பேற்கிறவர் கடல் கடந்தும் இருப்பது இந்தப் பகுதியில் வழக்கமாகிவிட்டது. ஐயாவும் அப்பத்தாவும் ஊரில் இருப்பார்கள். மகன் சென்னையில், மகள் சிங்கப்பூரில். "உணவுக்குழாயில் பெரிய வேரிசஸ், மேலே சிவப்புக் குறிகள்" என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கும். வேரிசஸ் என்றால் வீங்கிய சிரைகள். ஒரு மருத்துவர் மாத்திரை போதும் என்று சொல்லியிருப்பார். இன்னொருவர் அந்தச் சிரைகளுக்கு ரப்பர் வளையம் போட்டுவிடலாம் என்றிருப்பார். இணையத்தில் தேடிய பேரன் கல்லீரல் மாற்று அறுவை வரை போய்விட்டிருப்பான். இந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் மறுப்பதாகத் தோன்றினாலும், பெரும்பாலும் அவர்கள் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கிறார்கள்.

ஆகவே, எந்தச் சிகிச்சை சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால், நோயாளி எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதைக் குடும்பத்தில் அனைவரும் ஒரே மாதிரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இதுவரை இரத்தம் கசியாதவர், இந்த நேரத்தில் கசிந்துகொண்டிருப்பவர், ஒருமுறை கசிந்து பிழைத்தவர் என்ற மூன்று கட்டங்களில் ஒரே சிகிச்சைக்கு மூன்று விதமான மதிப்பு உண்டு. ஒரு கட்டத்தில் மாத்திரை மட்டுமே போதும். அடுத்த கட்டத்தில் அதே மாத்திரையை நிறுத்திவைக்க நேரும். மூன்றாவது கட்டத்தில் மாத்திரை மட்டும் என்பது குறைவான சிகிச்சை. இந்தக் கட்டுரை மருத்துவரின் முடிவுக்கு மாற்றாக எழுதப்பட்டதன்று. அவரிடம் சரியான கேள்விகளோடு போய் அமர்வதற்காக எழுதப்பட்டது.

சிரைகள் ஏன் வீங்குகின்றன

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் இரத்தம் முழுவதும் போர்ட்டல் சிரை என்ற ஒரே பெருங்குழாய் வழியாகக் கல்லீரலுக்குள் நுழைந்து, அங்கே சல்லடையாகப் பிரிந்து, இதயத்தை நோக்கிப் போகிறது. மதுவாலோ, ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளாலோ, சர்க்கரை நோயோடும் உடற்பருமனோடும் சேர்ந்து வரும் கொழுப்புக் கல்லீரலாலோ கல்லீரல் தழும்பேறிச் சுருங்கினால், அதாவது சிரோசிஸ் வந்தால், அந்தப் பாதை இறுகிவிடுகிறது. நம் ஊர் ஊரணிக்கு வரும் வரத்துக்கால் அடைபட்டால், நீர் பின்வாங்கி, அந்த அளவு நீரைத் தாங்குவதற்காக வெட்டப்படாத பக்கவாட்டு ஓடைகளில் ஏறிக் கரையை அரிப்பது போலவே இங்கும் நடக்கிறது. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் இருக்கும் மெல்லிய சிரைகள்தாம் அந்தப் பக்கவாட்டு ஓடைகள்.

போர்ட்டல் அழுத்தம், அதாவது போர்ட்டல் சிரைக்கும் கல்லீரலிலிருந்து வெளியேறும் சிரைக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு, இயல்பில் 5 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். அது 10-ஐ எட்டினால் வேரிசஸ் உருவாகத் தொடங்கும். 12-ஐத் தாண்டினால் அவை வெடிக்கும் அபாயம் வருகிறது. இந்த எண்களைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. சிகிச்சை முறைகளை ஒப்பிடும்போது ஒவ்வொன்றும் எதைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். மாத்திரை அழுத்தத்தைக் குறைக்கிறது. வளையம் சிரையை அடைக்கிறது, அழுத்தத்தைத் தொடுவதில்லை. 'டிப்ஸ்' என்ற குழாய் அழுத்தத்துக்கு மாற்று வழி திறந்துவிடுகிறது. மதுவை நிறுத்துவதும் கிருமிக்கு மருந்து எடுப்பதும் அடைப்புக்குக் காரணமான நோயையே தொடுகின்றன. கல்லீரல் மாற்று அறுவை ஒன்றுதான் அடைபட்ட கல்லீரலையே மாற்றுகிறது.

அறிக்கையில் தேட வேண்டியவை

எண்டோஸ்கோபி அறிக்கையில் சிரைகளின் அளவு முதன்மையானது. 5 மில்லிமீட்டருக்குக் குறைவானவை சிறியவை, அதற்கு மேற்பட்டவை பெரியவை என்பது பொதுவான பகுப்பு. சிரையின் மேல் சிவப்புக் கோடுகளோ புள்ளிகளோ இருக்கின்றனவா என்பது இரண்டாவது. அவை இருந்தால் சுவர் மெலிந்திருக்கிறது என்று பொருள். வீக்கம் உணவுக்குழாயோடு நிற்கிறதா, இரைப்பைக்குள்ளும் இறங்குகிறதா என்பது மூன்றாவது. இரைப்பையின் மேற்பகுதியில் இருக்கும் வேரிசஸுக்குச் சிகிச்சை வேறு என்பதால் இதைத் தவறாமல் கேட்க வேண்டும்.

அறிக்கையில் இல்லாத இன்னொரு தகவல் இவை அனைத்தையும்விடக் கனமானது: கல்லீரலின் மிச்ச வலிமை. பிலிருபின், ஆல்புமின், இரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர், மனத்தெளிவு ஆகிய ஐந்தையும் வைத்துச் சைல்டு-பியூ மதிப்பெண் போடுவார்கள். மதிப்பெண் கூடக் கூடக் கல்லீரல் தளர்ந்திருக்கிறது என்று பொருள். 5, 6 என்றால் ஏ. 7 முதல் 9 வரை பி. 10 முதல் 15 வரை சி. ஒரே அளவு வேரிசஸ் இருக்கும் இருவரில் ஒருவர் ஏ, மற்றவர் சி என்றால், அவர்களுடைய பாதைகள் முற்றிலும் வேறானவை. மருத்துவர் மதிப்பெண்ணைச் சொல்லவில்லையென்றால் கேட்டு, அறிக்கையின் மேலேயே தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சிரோசிஸ் இருப்பவர்கள் எல்லாருக்கும் உடனே எண்டோஸ்கோபி தேவையில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கல்லீரல் இன்னும் தாக்குப்பிடிக்கும் நிலையில், ஃபைப்ரோஸ்கேன் என்ற ஸ்கேன் சோதனையில் கல்லீரலின் விறைப்பு 20 கிலோபாஸ்கலுக்குக் குறைவாகவும் இரத்தத் தட்டணுக்கள் 1,50,000-க்கு மேலாகவும் இருந்தால், பெரிய வேரிசஸ் இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. அவர்கள் எண்டோஸ்கோபியைத் தள்ளிவைத்து ஆண்டுதோறும் இவ்விரு சோதனைகளையும் செய்துகொள்ளலாம் என்று, இத்தாலியின் பவேனோ நகரின் பெயரால் அறியப்படும் நிபுணர் மாநாடுகள் வழிகாட்டியிருக்கின்றன.

இதுவரை இரத்தம் கசியாதவருக்கு

இங்குதான் குடும்பங்கள் அதிகமாகக் குழம்புகின்றன. ஏனென்றால் நோயாளி நன்றாக நடமாடுகிறார், சாப்பிடுகிறார், எதற்குச் சிகிச்சை என்று அவரே கேட்கிறார். பெரிய வேரிசஸ் இருப்பவருக்கும், சிறிய வேரிசஸிலேயே சிவப்புக் குறியோ சைல்டு சி நிலையோ இருப்பவருக்கும் தடுப்புச் சிகிச்சை தேவை. தெரிவு இரண்டு.

முதலாவது, பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. ப்ரோப்ரனலால் போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கிறது என்பது 1980-களின் தொடக்கத்திலிருந்தே தெரியும். இப்போது பவேனோ வழிகாட்டல்கள் கார்வெடிலாலையே முன்வைக்கின்றன. அது அழுத்தத்தைக் கூடுதலாகக் குறைக்கிறது. வழக்கமாக நாளொன்றுக்கு 6.25 மில்லிகிராமில் தொடங்கி, உடல் தாங்கினால் சில நாட்களில் 12.5 மில்லிகிராமுக்கு உயர்த்துவார்கள். மேல் இரத்த அழுத்தம் 90-க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது எல்லைக்கோடு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், இதயத்துடிப்பு ஏற்கெனவே மிக மெதுவாக இருப்பவர்களுக்கும், இதய மின்னோட்டத்தில் தடை உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை இந்த மருந்து மறைத்துவிடக்கூடும் என்பதால், அவர்கள் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, எண்டோஸ்கோபி வழியாக ரப்பர் வளையம் போடுவது. மருத்துவமனைகளில் பேண்டிங் என்பார்கள். குழாயின் முனையில் உள்ள சிறு உறைக்குள் சிரையை உறிஞ்சி, அதன் கழுத்தில் வளையத்தை நழுவவிடுகிறார்கள். வளையத்துக்குள் சிக்கிய பகுதி சில நாட்களில் கருகி விழுந்து, அந்த இடத்தில் ஒரு சிறு புண் உண்டாகி, பிறகு ஆறித் தழும்பாகிறது. ஒரே அமர்வில் எல்லாம் முடிவதில்லை. இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், சிரைகள் மறையும் வரை திரும்பத் திரும்பப் போக வேண்டும். மறைந்த பிறகும் அவை மீண்டும் தலைகாட்டும் என்பதால், சில மாதங்களில் ஒருமுறையும், அதன்பின் ஆறு மாதமோ ஓராண்டோ இடைவெளியிலும் எண்டோஸ்கோபி தொடரும்.

முதல் கசிவைத் தடுப்பதில் இரண்டும் ஏறத்தாழ இணையானவை. உயிர்பிழைப்பில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. வேறுபாடு மற்ற விஷயங்களில் இருக்கிறது. மாத்திரை அழுத்தத்தையே குறைப்பதால், வயிற்றில் நீர் கோப்பது போன்ற பிற சிக்கல்களையும் தள்ளிப்போடுகிறது. 2019-இல் வெளிவந்த 'பிரெடெஸ்கி' ஆய்வு இதைக் காட்டியது. வளையத்துக்கு அந்தப் பயன் இல்லை. மறுபுறம், மாத்திரை தினமும் உள்ளே போனால்தான் வேலை செய்யும். வளையம் மறதியைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் பயணத்தைக் கேட்கும்.

செட்டிநாட்டைப் பொறுத்தவரை இந்தக் கடைசி வேறுபாடுதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பெரிய வீட்டில் தனியாக இருக்கும் எழுபது வயதுக்காரரை, பட்டினியோடு விடியற்காலையில் காரில் ஏற்றி, மயக்க ஊசி போட்டு, மாலையில் திரும்ப அழைத்துவருவதை மாதம் ஒருமுறையோ இருமுறையோ செய்ய உடன் ஒருவர் வேண்டும். இரண்டாம் அமர்வோடு போக்குவரத்து நின்றுவிட்டால், பாதியில் விட்ட வளையச் சிகிச்சை தடுப்பாகாது. எனவே, மாத்திரை ஒத்துக்கொள்ளும் உடல்வாகும், அதைத் தினமும் கையில் எடுத்துக் கொடுக்க ஒருவரும் இருந்தால், கசியாத கட்டத்தில் மாத்திரையை முதலில் முயல்வதே பொருத்தம். ஆஸ்துமா இருந்தாலோ, இரத்த அழுத்தம் தாழ்ந்தாலோ, மாத்திரையால் தலைசுற்றி விழுகிறார் என்றாலோ, தயங்காமல் வளையத்துக்கு மாறிவிட வேண்டும். அப்போது பயணத்துக்கான ஏற்பாட்டை முதல் அமர்வுக்கு முன்பே, எல்லா அமர்வுகளுக்கும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.

மாத்திரை எடுக்கிறவர் வாரம் ஒருமுறையாவது நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இதைச் செய்துகொள்ளலாம். மேல் அழுத்தம் 90-க்குக் கீழே வந்தாலோ, வயிற்றில் நீர் கூடினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, அடுத்த சந்திப்புவரை காத்திராமல் மருத்துவரை அழையுங்கள். மருந்தின் அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு. நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் பழையபடி ஏறும்.

இரத்தம் வரும் இரவு

வாந்தியில் இரத்தம் வருவதும், மலம் கறுத்துப் பிசுபிசுத்துக் கடுமையான நாற்றத்துடன் போவதும், எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வியர்ப்பதும் அடையாளங்கள். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவருக்கும் மலம் கறுக்கும். ஆனால் வேரிசஸ் உள்ளவர் வீட்டில் அந்தச் சமாதானத்தைச் சொல்லிக்கொண்டு காலைவரை காத்திருக்கக் கூடாது. நோயாளியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தண்ணீர், மோர், சோடா, கஷாயம் எதுவும் வாயில் கொடுக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

எங்கே போவது என்ற கேள்வியில்தான் பல மணி நேரம் வீணாகிறது. நேராக மதுரைக்கா, காரைக்குடியில் காட்டிவிட்டா? எண்டோஸ்கோபியை நோயாளி மருத்துவமனைக்கு வந்த 12 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்பதே வழிகாட்டல்; ஆனால் அதற்கு முன்பே தொடங்க வேண்டிய இரண்டு மருந்துகள் உள்ளன. ஒன்று, குடல் பகுதி இரத்த ஓட்டத்தைச் சுருக்கி அழுத்தத்தைக் குறைக்கும் டெர்லிப்ரெசின் அல்லது ஆக்ட்ரியோடைடு. மற்றொன்று, செஃப்ட்ரியாக்சோன் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி. இரத்தம் கசியும் சிரோசிஸ் நோயாளியைக் கிருமித்தொற்று எளிதில் பிடித்துக்கொள்கிறது, அதைத் தடுப்பது உயிரைக் காக்கிறது. இவ்விரண்டையும் கொடுக்க எண்டோஸ்கோபி கருவி தேவையில்லை. சிரையில் ஊசி ஏற்றத் தெரிந்த, இந்த மருந்துகளை இருப்பில் வைத்திருக்கிற மருத்துவமனை போதும். ஆகவே, நோயாளி நிலைகுலைந்திருந்தால் அருகிலுள்ள மருத்துவமனையில் முதலுதவியும் இந்த மருந்துகளும் தொடங்கிய பிறகு பெரிய மருத்துவமனைக்கு மாற்றுவதே, வழியெல்லாம் இரத்தம் கக்கியபடி இரண்டு மணி நேரம் ஓடுவதைவிடப் பாதுகாப்பானது. "இவருக்கு வேரிசஸ் இருக்கிறது" என்ற ஒரே வாக்கியத்தைப் பணி மருத்துவரிடம் முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள். வயிற்றுப்புண் இரத்தம் என்று எண்ணிச் சிகிச்சை தொடங்குவதை அது தடுக்கும். டெர்லிப்ரெசின் இதயத்துக்கும் கைகால்களுக்கும் போகும் இரத்தக் குழாய்களையும் சுருக்கும் என்பதால், மாரடைப்பு வந்தவர் என்றால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த ஏற்பாட்டை நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே செய்துவைக்க வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை, புதுக்கோட்டை ஆகியவற்றில் உங்களுக்கு அருகில் உள்ள மருத்துவமனைகளுக்குப் பகல் நேரத்தில் ஒருவர் நேரில் போய், இரவில் எண்டோஸ்கோபி செய்யும் மருத்துவர் இருக்கிறாரா, வளையம் போடும் கருவி உண்டா, டெர்லிப்ரெசின் அல்லது ஆக்ட்ரியோடைடு இருப்பில் உள்ளதா, இரத்த வங்கி எங்கே என்று கேட்டு எழுதி வரட்டும். சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இரைப்பை குடல் நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. கேட்டு வந்த விடைகளையும், இரவில் கதவைத் தட்டினால் வரக்கூடிய பங்காளி வீட்டுப் பிள்ளை ஒருவரின் எண்ணையும், படுக்கைக்கு அருகே பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள். ஒப்புதல் கையெழுத்து யார் போடுவது என்பதையும் முன்கூட்டியே பேசி முடித்துவிட வேண்டும். சிங்கப்பூரில் பொழுது விடியட்டும் என்று காத்திருக்க இந்த நோய் இடம் தராது.

மருத்துவமனையில் நடப்பவற்றில் ஒன்று உறவினர்களுக்குத் தவறாகத் தோன்றும். இரத்தம் இவ்வளவு போயிருக்கிறதே, இன்னும் நான்கு பாட்டில் ஏற்றக் கூடாதா என்று கேட்பார்கள். ஹீமோகுளோபினை 7 முதல் 8 கிராம் அளவில் நிறுத்திவைப்பதே சரி. அளவுக்கு மேல் ஏற்றினால் போர்ட்டல் அழுத்தம் கூடி, அடைந்த சிரை மீண்டும் திறந்துகொள்ளும். குறைவாக இரத்தம் ஏற்றப்பட்டவர்களே அதிகமாகப் பிழைத்தார்கள் என்பதை 2013-இல் பார்சிலோனா மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அன்பினால்தான் கேட்கிறார்கள்; ஆனாலும் மருத்துவரை இதில் நெருக்கக் கூடாது. அதுபோலவே, நோயாளி அரைமயக்கத்தில் இருந்தால் எண்டோஸ்கோபிக்கு முன் மூச்சுக்குழாய் பொருத்துவார்கள்; இரத்தம் நுரையீரலுக்குள் போகாமலிருக்கவே அது.

கசிகிற நேரத்தில் முதன்மையான சிகிச்சை வளையம்தான். அதோடு அழுத்தம் குறைக்கும் மருந்து இரண்டு முதல் ஐந்து நாள் வரை தொடரும். பழைய முறையான ஸ்க்ளீரோதெரபி, அதாவது சிரையைச் சுருங்கவைக்கும் மருந்தை ஊசியால் செலுத்துவது, உணவுக்குழாயில் புண்ணையும் சுருக்கத்தையும் கூடுதலாக உண்டாக்குவதால் பின்னுக்குப் போய்விட்டது. வளையக் கருவி நுழைய முடியாத சிறு குழந்தைகளுக்கும், வளையம் போட இயலாத சூழலுக்கும் அது இன்னும் பயன்படுகிறது. வளையத்தாலும் நிற்கவில்லையென்றால், பலூன் குழாயை உள்ளே இறக்கி ஊதி அழுத்திப் பிடிப்பார்கள். அது அதிகம் போனால் 24 மணி நேரத்துக்கான இடைக்கால ஏற்பாடு. அந்த நேரத்துக்குள் அடுத்த சிகிச்சைக்கு வழி செய்ய வேண்டும் என்பதைக் குடும்பம் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒருமுறை கசிந்து மீண்டவருக்கு

இந்தக் கட்டத்தில் மாத்திரையா வளையமா என்ற கேள்வியே இல்லை, இரண்டும் சேர்ந்துதான். சிகிச்சை இல்லாமல் விட்டால், ஓராண்டுக்குள் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மீண்டும் கசிகிறது. கசிவின்போது நிறுத்தப்பட்ட பீட்டா பிளாக்கரை, இரத்த அழுத்தம் நிலைப்பட்டபின் மீண்டும் தொடங்குவார்கள். வீடு திரும்பும் நாளில் மருந்துச்சீட்டில் அது இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். மறந்துபோயிருக்கலாம், காரணத்தோடும் விட்டிருக்கலாம். அடுத்த வளைய அமர்வின் தேதியைக் கையில் வாங்காமல் மருத்துவமனையை விட்டுப் புறப்படாதீர்கள்.

வளையம் போட்ட முதல் இரண்டு வாரம் தனிக் கவனம் கேட்கும் காலம். கருகிய பகுதி விழுந்து புண் திறந்திருக்கும் அந்நாட்களில் இரத்தம் வருவதுண்டு. முதல் நாள் ஆறிய நீராகாரம், பிறகு ஒரு வாரத்துக்குக் குழையச் சமைத்த சோறு, ஆறிய இட்லி, கஞ்சி, மசித்த காய் என்று போக வேண்டும். கல்யாண வீட்டுக் கைமுறுக்கும் சீப்புச் சீடையும் தட்டையும் அந்த நாட்களில் வேண்டவே வேண்டாம். அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சில நாட்களுக்குத் தருவார்கள். அதை மாதக்கணக்கில் நீட்டிக்கத் தேவையில்லை, மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள்.

இவை போதாதபோது

டிப்ஸ் என்பது, கழுத்துச் சிரை வழியாக மெல்லிய குழாயை இறக்கி, கல்லீரலுக்குள்ளேயே போர்ட்டல் சிரைக்கும் வெளியேறும் சிரைக்கும் இடையே உறையிட்ட உலோகக் குழாய் ஒன்றைப் பதித்து, இரத்தத்துக்குக் குறுக்கு வழி திறப்பது. வளையமும் மருந்தும் தோற்றபோது இதுவே அடுத்த படி. தோற்கும்வரை காத்திராமல், சைல்டு சி நிலையில் 10 முதல் 13 மதிப்பெண் உள்ளவர்களுக்கும், பி நிலையில் 7-க்கு மேல் இருந்து எண்டோஸ்கோபியின்போதே இரத்தம் பீறிட்டவர்களுக்கும், 72 மணி நேரத்துக்குள் முன்கூட்டியே செய்தால் உயிர்பிழைப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் குறுக்கு வழியில் போகும் இரத்தம் கல்லீரலில் சுத்திகரிக்கப்படுவதில்லை. அதனால் சிலருக்குப் பகல் இரவு மாறி, பேச்சுக் குழறி, நடத்தை திரியும் மூளைக் குழப்பம் வருகிறது. ஏற்கெனவே அந்தக் குழப்பம் இருப்பவருக்கும், இதயம் பலவீனமானவருக்கும், மஞ்சள் காமாலை மிகுந்தவருக்கும் இதைத் தவிர்ப்பார்கள். முதியவர் தனியே வாழும் வீட்டில் அந்தக் குழப்பத்தை யார் கண்டுகொள்வது என்ற கேள்வியை நடைமுறைக்கு முன்பே கேட்டாக வேண்டும். கருவியும் பயிற்சி பெற்ற கதிரியக்க நிபுணரும் உள்ள பெருநகர மருத்துவமனைகளில் மட்டுமே இது நடக்கும்.

இரைப்பையின் மேற்பகுதி வேரிசஸுக்கு வளையம் பெரும்பாலும் உதவாது. சயனோஅக்ரிலேட் என்ற பசையை ஊசியால் செலுத்தி அடைப்பார்கள்.

கல்லீரல் நன்றாகவும் போர்ட்டல் சிரை மட்டும் அடைபட்டும் இருக்கும் நோயாளிகள் நம் நாட்டில் கணிசம், குறிப்பாகக் குழந்தைகளிடம். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று இரத்த வாந்தி எடுத்து, மண்ணீரல் பெரிதாக இருந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். இவர்களுக்குக் கல்லீரல் மாற்று பற்றிய பேச்சே பெரும்பாலும் எழாது. வளையமோ ஸ்க்ளீரோதெரபியோ போதாதபோது, மண்ணீரல் சிரையைச் சிறுநீரகச் சிரையோடு இணைக்கும் அறுவையும், பொருத்தமான பிள்ளைகளுக்கு அடைப்பைத் தாண்டிக் கல்லீரலுக்கே இரத்தத்தைத் திருப்பும் அறுவையும் நல்ல பலன் தருகின்றன. சிரோசிஸ் நோயாளியைப் பற்றிக் கேட்ட அச்சமூட்டும் செய்திகளை இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் தங்கள் மேல் ஏற்றிக்கொள்ளக் கூடாது.

மற்றவர்களுக்கு, ஒருமுறை கசிந்துவிட்டாலே கல்லீரல் மாற்று பற்றி ஒரு நிபுணரிடம் பேசிவிடுவது நல்லது. மாற்று உடனே வேண்டும் என்பதற்காக அல்ல, பதிவு, மதிப்பீடு, தானம் தரக்கூடிய உறவினர்களின் பரிசோதனை எல்லாவற்றுக்கும் காலம் பிடிக்கும் என்பதற்காக. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிர்ந்தளிப்பதை மாநில உறுப்பு மாற்று ஆணையமான 'ட்ரான்ஸ்டான்' ஒழுங்குபடுத்துகிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கல்லீரல் மாற்று செய்யப்பட்டு வருகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கிறது. கல்லீரல் மாற்றுக்கும் உதவி உண்டு. தகுதியுள்ள குடும்பம் அட்டையை இன்னும் எடுக்கவில்லையென்றால், நெருக்கடி வருமுன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள அதன் மையத்தில் பதிந்துகொள்ளட்டும்.

வீட்டுப் பக்கம்

மது காரணமென்றால், அதை அறவே நிறுத்துவதற்கு ஈடான சிகிச்சை இல்லை. நிறுத்தியவர்கள் பலருக்குப் போர்ட்டல் அழுத்தமே இறங்குகிறது. ஹெபடைடிஸ் சி கிருமியைப் பெரும்பாலும் 12 வார மாத்திரையால் ஒழித்துவிடலாம்; பி கிருமியை டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிரால் அடக்கி வைக்கலாம். 2018-இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இவற்றுக்கான பரிசோதனையும் மருந்தும் அரசு மையங்களில் இலவசம். குடும்பத்தில் ஒருவருக்கு பி இருந்தால், மற்ற அனைவரும் சோதித்துத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

உணவைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நம் பக்கத்தில் ஆழமாக இருக்கிறது: மிளகும் மிளகாயும் சேர்ந்த காரச் சமையல்தான் சிரைகளை வீங்கவைத்தது என்று அப்பத்தாக்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். அது உண்மையில்லை. வளையப் புண் ஆறும்வரை காரத்தைக் குறைத்தால் எரிச்சல் இருக்காது, அவ்வளவே. பார்க்க வேண்டியது உப்பை. வயிற்றில் நீர் கோத்தவருக்கு உப்புக்கண்டம், கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், வற்றல் ஆகியவை நேரடிக் கேடு. அதே சமயம், கல்லீரல் நோய் என்று பருப்பையும் முட்டையையும் மீனையும் நிறுத்திப் பத்தியம் போடுவதும் கேடுதான். சிரோசிஸ் நோயாளிக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும், இரவு படுக்கப் போகுமுன் சிறிது உணவும் வேண்டும்.

மருந்துகளில் இரண்டு எச்சரிக்கைகள். மூட்டுவலிக்காகக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை இரைப்பையில் இரத்தக் கசிவையும் சிறுநீரகப் பாதிப்பையும் தூண்டும். வலிக்குப் பாரசிட்டமாலை நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மிகாமல் எடுப்பதே பாதுகாப்பு, அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு. இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் தாமாக நிறுத்தாமல், இதய மருத்துவரையும் கல்லீரல் மருத்துவரையும் ஒரே முடிவுக்கு வரச் செய்ய வேண்டும். காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்த பழக்கம் நம் வீடுகளில் பழையது. கலவை தெரியாத பொடிகளையும் லேகியங்களையும் சிரோசிஸ் நோயாளிக்குக் கொடுக்கும் துணிவு மட்டும் வேண்டாம். கொரோனா காலத்தில் நோயெதிர்ப்புக்கென்று சீந்தில் எடுத்துக் கல்லீரல் அழற்சி வந்தவர்களை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே ஏதேனும் எடுத்துக்கொண்டிருந்தால், அந்தப் புட்டியையே கையில் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் கோபிப்பார் என்று மறைத்தால், அடுத்த இரத்தப் பரிசோதனையில் ஏறும் எண்களுக்கு நோய் காரணமா, பொடி காரணமா என்று அவரால் பிரித்தறிய முடியாது.